இன்ஜின் நின்னா எங்கே சார் இறங்கறது?

குன்னூர் மலைப்பாதையில் ஸ்கூட்டர் நின்றுபோனால் என்ன செய்வோம்? ஓரங்கட்டி, ஒரு பக்கமாகச் சாய்த்து, பிளக்கைக் கழற்றி ஊதி, நாலு உதை. அதற்கும் மசியாவிட்டால் பின்னால் வருகிற லாரிக்குக் கை காட்டலாம். இதே சமாசாரம் மலைக்கு மேலே ஆயிரம் அடியில், நீங்களே ஷெட்டில் வைத்துக் கட்டிய குட்டி விமானத்தில் நடந்தால்?

சிரிக்காதீர்கள். விமானம் கட்டுகிற ஆசை நம் பக்கத்துக்குப் புதுசில்லை. மவுண்ட் ரோடு ஓட்டல்காரர் டி ஏஞ்சலிஸ், தான் உருவாக்கிய விமானத்தை 1910 மார்ச்சிலேயே சென்னைத் தீவுத்திடலில் பறக்கவிட்டுக் காட்டினார். காது கேளாத, வாய் பேசாத தொடுபுழைக்காரர் சஜி தாமஸ் கட்டிய விமானம் 2014-ல் நம் மணிமுத்தாறில் பறந்தது. அமெரிக்காவில் இந்த வீட்டு விமானங்களுக்கென்றே சட்டம் இருக்கிறது. பாதிக்கு மேல் வேலையை அமெச்சூர்களே செய்திருக்க வேண்டும். முதலில் 25 அல்லது 40 மணி நேரம் சோதனை ஓட்டம். அதுவரை பயணிகளை ஏற்றக்கூடாது. (மாமியாரும் பயணிதான்!)

2012-ல் அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் இவற்றை அலசியபோது முன்னணியில் நின்ற வில்லன்கள் இரண்டு: இன்ஜின் கோளாறு, விமானி கட்டுப்பாட்டை இழப்பது. பல சமயம் முதலாவது வந்தால் பின்னாலேயே இரண்டாவதும் வரும்.

இன்ஜின் நின்றால் விமானம் கல் மாதிரி விழாது. சறுக்கிக்கொண்டே இறங்கும். செஸ்னா 172 ரகம் ஓர் அடி இறங்குவதற்குள் ஒன்பது அடி முன்னே போகும். ஆயிரம் அடியிலிருந்து சுமார் 2.7 கிலோமீட்டர். தஞ்சாவூர்ப் பக்கம் என்றால் அறுவடையான வயல் ஒன்று அகப்படும். நீலகிரியில்? மேலேயிருந்து பார்த்தால் தேயிலைத் தோட்டம் பச்சைக் கம்பளம் மாதிரிதான் இருக்கும். கிட்டே போனால்தான் தெரியும், கட்டை கட்டையான செடி, நடுநடுவே சில்வர் ஓக் மரம், எல்லாம் சரிவில். வேறு வழியே இல்லையென்றால் சரிவின் மேல்நோக்கி இறங்க வேண்டும் என்பது மலைப்பாடம். மேட்டில் ஏறும்போது வேகம் தானாகக் குறையும். இறக்கை போகட்டும், ஆள் பிழைத்தால் சரி.

மலைக்கு இன்னொரு குறும்பும் உண்டு. கார்புரேட்டரில் பெட்ரோல் ஆவியாகும்போது உள்ளே குளிர்ந்துவிடும். வெளியே 15 டிகிரியாக இருந்தாலும், காற்று ஈரமாக இருந்தால் உள்ளே ஐஸ் கட்டும். ஊட்டி மேகமூட்டம் இதற்கென்றே செய்து வைத்தாற்போல இருக்கும். இதற்காகவே பல விமானங்களில் ஒரு குமிழ் உண்டு. இழுத்தால் சூடான காற்று உள்ளே போகும். நேரத்தில் இழுக்காவிட்டால் இன்ஜின் திக்கித் திணறி நின்றுவிடும். வேடிக்கை என்னவென்றால், தரையில் விழுந்த பிறகு ஐஸ் உருகிவிடும். விசாரிக்க வருபவருக்குச் சாட்சியே கிடைக்காது.

ஆனால் ரொம்ப ஆபத்தான இடம் ரன்வேயிலிருந்து கிளம்பிய முதல் நிமிஷம்தான். இன்ஜின் நின்றதும் 'சட்டுன்னு திருப்பி வந்த ரன்வேயிலேயே இறங்கிடலாம்' என்று கை துறுதுறுக்கும். 45 டிகிரி சாய்த்துத் திருப்பினால், விமானம் விழாமலிருக்கத் தேவையான குறைந்தபட்ச வேகம் சுமார் 20 சதவிகிதம் கூடிவிடும். கையில் அந்த வேகம் இருக்காது. அதனால்தான் 'மூக்கைத் தாழ்த்து, நேராகவே இறங்கு' என்று ஆசிரியர்கள் அடித்துச் சொல்கிறார்கள்.

'நான் திருப்பிக் கொண்டுவந்தேனே!' என்று மார் தட்டுகிற விமானி எந்த ஊரிலும் ஒருவராவது இருப்பார். பொய்யில்லை. ஆனால் திருப்ப முயன்று முடியாமல் போனவர் டீக்கடைக்கு வந்து கதை சொல்ல மாட்டாரே!

இந்தச் சூட்சுமத்தைக் கணக்காகவே போட்டவர் ஆபிரகாம் வால்ட் என்ற புள்ளியியல் மேதை. இரண்டாம் உலகப்போரில் குண்டுவீசிவிட்டுத் திரும்பிய விமானங்களில் எங்கெங்கே ஓட்டை என்று பார்த்தார்கள். உடலில் நிறைய, இன்ஜினில் குறைவு. ஓட்டை அதிகமுள்ள இடத்துக்குத்தானே கவசம்? இல்லை, இன்ஜினுக்கு என்பதுதான் வால்ட் கணக்கின் சாரம். இன்ஜினில் அடிபட்டவை திரும்பியே வரவில்லை, அதனால்தான் ஓட்டை கண்ணில் படவில்லை. இந்தக் கதை கைமாறிக் கைமாறி நன்றாகவே மெருகேறியிருக்கிறது. ஆனால் 1943-ல் அவர் எழுதிய கணக்கு நிஜம்.

அவரை நீலகிரி மறக்க முடியாது. 1950-ல் இந்திய அரசின் அழைப்பில் சொற்பொழிவுகள் நிகழ்த்த மனைவியோடு வந்தார். டிசம்பர் 13-ம் தேதி அவர்கள் ஏறிய ஏர் இந்தியா டக்கோட்டா கோத்தகிரி அருகே மலையில் மோதியது. இன்ஜின் மேல் பழி இல்லை. வழி கணித்ததில் ஏற்பட்ட தவறு என்றே பதிவாகியிருக்கிறது. வால்டுக்கு வயது 48. விமானத்தில் இருந்த 21 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.