இழுப்பு நோயுள்ளோர் நடக்கலாமா?

செஞ்சியிலும் சுற்றுச் சிற்றூர்களிலும் நோயுற்றோரைச் சந்திக்கச் செல்லுங்கால் நாம் அடிக்கடி கேட்கும் சொல் ஒன்றுண்டு: "சாமி, நடந்தால் இழுப்பு வருகிறது, அதனால் வீட்டோடு இருந்துவிட்டேன்." இவ்வாறு கூறுவோருள் நாற்பது வயது நிரம்பாதோரும் உளர் என்பதே நம்மை வருத்துகிறது.

அவர்களது அச்சம் காரணமற்றதன்று. விரைந்து இயங்கும்போது நாம் வாயால் மூச்சு வாங்குகிறோம். மூக்கின் வழியே சென்று சூடும் ஈரமும் பெறாத அக்காற்று, மூச்சுக் குழாய்களை உலர்த்துகிறது. ஆஸ்துமா உள்ளோர்க்கு அக்குழாய்களைச் சூழ்ந்த தசைகள் உடனே இறுகுகின்றன. ஓடி நின்ற சில நிமிடங்களில் இருமலும் இரைப்பும் தோன்றுவது இதனாலேயே.

ஆயினும் முடங்கிக் கிடப்பதால் கேடு பெருகுமேயன்றிக் குறையாது. உழைக்காத தசைகள் தளர்கின்றன. உடலின் எடை கூடுகிறது. கிணற்றடிக்குச் சென்று வரவும் மூச்சு வாங்குகிறது. நோயே முற்றிவிட்டதென எண்ணி, நோயாளி மேலும் முடங்குகிறார்.

பிரேசில் நாட்டின் சாவோ பாவ்லோ நகரில் நடந்து 2015-இல் வெளியான ஆய்வொன்றில், ஆஸ்துமா உள்ள 58 பேர் சேர்க்கப்பட்டனர். மருத்துவர் கண்காணிப்பில் மூன்று மாதம் பயிற்சி செய்தோர்க்கு மூச்சுக் குழாய்களின் மிகையான கூருணர்ச்சி தணிந்தது. அன்றாட வாழ்வும் எளிதாயிற்று. பயிற்சி நோயை வேரறுப்பதில்லை. ஆனால் நோயோடு வாழும் ஆற்றலைத் தருகிறது.

முதற்கண் மருத்துவரைக் காணுதல் வேண்டும். நோய் கட்டுக்குள் வந்த பின்னரே பயிற்சி தொடங்கத்தக்கது. "இன்ஹேலர் பழகிவிடும்" என்பது வீண் அச்சம். அம்மருந்து நேரே மூச்சுக் குழாயைச் சேர்வதால், மாத்திரையைவிட மிகச் சிறிய அளவே போதுமானது. பெண் பார்க்க வருவோர் காண்பரென்று அதனை மறைத்து வைக்கும் பெற்றோர், தம் மகளின் மூச்சையே பணயம் வைக்கின்றனர்.

நடைப்பயிற்சியை முதல் பத்து நிமிடம் மெதுவாகத் தொடங்குக. பின்னர் சற்று விரைக. பேச முடிதல் வேண்டும், பாட முடியாதிருத்தல் வேண்டும். அதுவே தக்க வேகம். முடிக்கும்போதும் சிறிது சிறிதாக வேகத்தைக் குறைத்து நிற்க. வாரத்திற்கு 150 நிமிடம் என்பது வயது வந்தோர்க்கு உலக நலவாழ்வு நிறுவனம் கூறும் அளவு. அதனைப் பல வாரங்களில் எட்டினால் போதும். மெல்லப் பாயும் தண்ணீர் கல்லையும் குழியாக்குமன்றோ!

ஏறத்தாழ 800 அடி உயரமுள்ள ராஜகிரியில் ஏறித் தொடங்க வேண்டா. கோட்டையடியின் சமதரையே ஏற்றது. மார்கழிப் பனி, போகிப் புகை, நெல் தூற்றும் களம், லாரிகள் புழுதி கிளப்பும் சாலை ஆகியவற்றை விலக்குக. சளியோ இரைப்போ உள்ள நாளில் ஓய்வு கொள்க. உடனடி நிவாரணம் தரும் இன்ஹேலர் எப்போதும் கையிலிருக்கட்டும். மார்பு இறுகினால் நின்று, அமர்ந்து, மருந்தை இழுக்க வேண்டும். அதன் பின்னும் இரைப்பு தணியாவிடில், அல்லது ஒரு வாக்கியத்தை முழுதாகச் சொல்ல இயலாவிடில், தாமதமின்றி மருத்துவமனைக்கு விரைக.

வேளாங்கண்ணிக்கு நடைப்பயணம் நேர்ந்துகொண்டோர்க்குச் சிறப்பாக ஒன்று கூறுவோம். முன்பயிற்சியின்றி ஆகஸ்டு இறுதியில் திடீரெனப் புறப்படுவது பக்தியாகாது. மருத்துவரின் இசைவோடு பல மாதம் முன்னரே பழகுக. இயலாதெனக் கண்டால் பங்குக் குருவை அணுகுக. நேர்ச்சையை வேறொரு நற்செயலாக மாற்றிக்கொள்ளத் திருச்சபைச் சட்டம் இடமளிக்கிறது. இதில் வெட்கத்திற்கு இடமில்லை.

லூர்து நகரின் புனித பெர்னதெத் இளமை முதல் ஆஸ்துமாவால் துன்புற்றவர். 1858 பெப்ருவரி 11 அன்று, உடன் வந்த சிறுமியர் ஓடையைக் கடந்து சென்றபோது, குளிர்ந்த நீரில் இறங்கத் தயங்கி அவர் பின்தங்கி நின்றார். அன்றே அன்னையின் காட்சி அவருக்குக் கிட்டிற்று. பின்னர் நெவேர் மடத்தில் நோயாளருக்குப் பணி புரிந்தார். தம் உடலின் எல்லையை அவர் அறிந்திருந்தார். அதற்காகக் கடமையைக் கைவிட்டாரில்லை.

நம் உடல் பரிசுத்த ஆவியின் ஆலயம் எனப் புனித சின்னப்பர் போதிக்கிறார். அவ்வாலயத்தைப் பேணுவதும் நம் கடமையே. வீட்டில் இழுப்பு நோயாளர் இருப்பின், "சும்மா இரு" என்று அவரை அமர்த்தி வைக்காதீர்கள். மாலையில் அவரோடு சற்று நடந்து வாருங்கள்.