மானுக்கு எத்தனை கால்?

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில், வாட்டர்லூ ஆலையில் 1963 முதல் 1972 வரை தயாரான ஜான் டீர் 4020 டிராக்டரைத் தேடிப் பிடித்துப் புதுப்பிக்கிறவர்கள் இன்றும் ஏராளம். எஞ்சினைப் பிரித்து மாட்டி, டிங்கரிங் முடித்து, பச்சை பெயிண்டும் அடித்தவர்கள்கூடக் கடைசியில் தடுமாறுவது ஸ்டிக்கரில்தான்.

காரணம் ஜான் டீர் நிறுவனத்தின் சின்னமான பாயும் மான். 1876இல் பதிவான அந்தச் சின்னத்தை நிறுவனம் பலமுறை மாற்றி வரைந்திருக்கிறது. 1956ஆம் ஆண்டு மானுக்கு நான்கு கால்களும் தெரியும். 1968இல் வந்ததற்கு இரண்டே கால். 2000இல் வரைந்த மான் மேல்நோக்கித் தாவுகிறது. 4020 தயாரான காலத்தின் நடுவிலேயே சின்னம் மாறியதால், மாடல் பெயரை மட்டும் சொல்லி ஸ்டிக்கர் வாங்க முடியாது. 1965இல் வெளிவந்த வண்டியில் இரண்டு கால் மான் இருந்தால், எவ்வளவு அழகாக ஒட்டியிருந்தாலும் அது பிழை. முதலில் வண்டியின் சீரியல் எண்ணிலிருந்து தயாரிப்பு ஆண்டைக் கண்டுபிடிக்க வேண்டும். பிறகு அந்த ஆண்டுக்குரிய உதிரிபாகப் புத்தகத்தைப் பார்க்க வேண்டும்.

புத்தகத்தைவிட நம்பகமான சாட்சி வண்டியேதான். பழைய ஸ்டிக்கர் முழுக்க உதிர்ந்திருந்தாலும் அதன் அடியில் இருந்த பெயிண்ட் வெயில் படாததால் அவ்வளவாக வெளுத்திருக்காது. பானெட்டை ஈரத்துணியால் துடைத்து, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்தால் எழுத்துகளின் தடம் தெரியும். டிரேசிங் தாளில் அதைப் பிரதியெடுங்கள். பானெட் விளிம்பிலிருந்தும் போல்ட் துளையிலிருந்தும் எத்தனை அங்குலம் என்று குறியுங்கள். பக்கத்தில் ஸ்கேல் வைத்துப் படமெடுங்கள். இதையெல்லாம் செய்யாமல் உப்புத்தாளைக் கையில் எடுப்பது எனக்குப் பெருங்குற்றமாகவே படுகிறது. ஒரு மணி நேரத் தேய்ப்பில் அழிந்த தடம் திரும்பக் கிடைக்காது. இடையில் யாராவது மறுபெயிண்ட் அடித்திருக்கலாம் என்பதால், அந்தத் தடம் ஆலை அடித்த பெயிண்டின் மேல்தான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

புது ஸ்டிக்கர் கைக்கு வந்ததும் அந்த டிரேசிங் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். கணினியில் ஏதோ ஓர் எழுத்துருவை வைத்து அச்சடித்தவை ஏராளமாக விற்கின்றன. எழுத்தின் வளைவும் தடிமனும் பொருந்தாவிட்டால் திருப்பி அனுப்புவதே சரி. எழுத்தைச் சுற்றிக் கண்ணாடி போன்ற படலம் நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்டிக்கரைவிட, எழுத்தின் ஓரத்தோடு வெட்டிய வினைல் எனக்குப் பிடிக்கும். பெயிண்டால் எழுதியது போலவே தோன்றும்.

ஒட்டும்போது அவசரம் கூடாது. தொட்டால் காய்ந்தது போலிருக்கும் பெயிண்டிலிருந்தும் கரைப்பான் ஆவி வெளியேறிக்கொண்டே இருக்கும். அது வினைலுக்கு அடியில் சிக்கினால் கொப்புளமாகும். பெயிண்ட் முழுதாக இறுகிய பின், சோப்புத் தண்ணீர் தெளித்து, ஸ்டிக்கரை நகர்த்தி இடம் பார்த்து, ரப்பர் பட்டையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தண்ணீரைத் தள்ள வேண்டும். எழுத்துகளைத் தாங்கியிருக்கும் மேல் தாளை உரிப்பது, ஸ்டிக்கர் நன்றாகப் பிடித்த பிறகுதான்.