நிலம் இல்லாதவர் வாங்கிய கார்

சில ஆண்டுகளுக்கு முன், பக்கத்து ஊர் காலனித் தம்பி ஒருவருடன் நகரத்தில் பழைய கார் வாங்கி விற்கும் இடத்துக்குப் போயிருந்தோம். வங்கிக் கடனில் வாங்கிய மஞ்சள் போர்டு கார் அது. வாங்கி மூன்று ஆண்டு ஆகியிருந்தது, ஒரு தவணைகூடத் தவறவில்லை. அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக விற்க வந்திருந்தார். புரோக்கர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"கம்பெனியே கடையைக் கட்டிட்டுப் போயிட்டான். இதை வாங்கி நான் யார் தலையில கட்டுறது தம்பி?"

மூன்றே முக்கால் லட்சம்தான் தருவேன் என்றார். பிறகு முன் கண்ணாடியைக் காட்டி, "அந்த ஸ்டிக்கரையும் உரிச்சுட்டுக் கொண்டா. அது இருந்தா பார்ட்டி நிக்க மாட்டான்" என்றார். கண்ணாடியில் இருந்தது அண்ணல் அம்பேத்கர் படம்.

ஸ்டிக்கர் சங்கதி நமக்குப் புதிதல்ல. நம்மை உறுத்தியது அந்த மூன்றே முக்கால் லட்சம். ஒன்பது லட்ச ரூபாய் வண்டிக்கு எட்டு லட்சம் கடன், 10 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 17 ஆயிரம். மூன்று ஆண்டில் 6 லட்சத்துக்கு மேல் கட்டியிருந்தாலும், அசல் பாக்கி இன்னும் சுமார் 3 லட்சத்து 68 ஆயிரம் இருக்கும். வங்கியை அடைத்துவிட்டால் கையில் மிஞ்சுவது ஏழாயிரம். வண்டி திருட்டுப் போனால் கொடுக்க வேண்டிய தொகைக்காகக் காப்பீட்டுக் கம்பெனிகள் வைத்திருக்கும் அட்டவணையே, மூன்று ஆண்டு தாண்டிய வண்டிக்கு 40 சதவீதம்தான் கழிக்கிறது. அதன்படி பார்த்தால் அந்த வண்டியின் மதிப்பு 5 லட்சத்து 40 ஆயிரம். மீதியைத் தின்றது கம்பெனியின் வெளியேற்றமும் மஞ்சள் போர்டும்.

நான்கு ஏக்கர் வைத்திருப்பவருக்குக் கார் விலை இறங்கினால் அது ஒரு செலவு, அவ்வளவுதான். அவர் நிலம் விலை ஏறிக்கொண்டிருக்கும். 1892-இல் அரசு நமக்கு ஒதுக்கிய பஞ்சமி நிலம் கைமாறிப் போன ஊர்களில், நம் பிள்ளைகளின் பெயரில் பத்திரமாக இருப்பது ஆர்.சி. புத்தகம் மட்டும்தான். மாதம் தோறும் விலை இறங்கும் ஒரு பொருள் நமக்கு நிலத்தின் இடத்தில் நிற்கிறது.

கம்பெனிகள் போவதும் அபூர்வமாக நடப்பதல்ல. டவேரா வேனால் நம் டிரைவர்கள் நன்கறிந்த செவர்லே 2017-இல் இந்தியாவில் விற்பனையை நிறுத்தியது. 2021 செப்டம்பர் 9-இல், பத்தாண்டில் 200 கோடி டாலருக்கு மேல் நஷ்டம் என்று சொல்லி ஃபோர்டு அறிவிப்பு விட்டது. 2022 ஏப்ரலில், ஒரகடத்தில் தயாரான டட்சன் நின்றது. ஃபோர்டின் மறைமலை நகர் ஆலையில் நிரந்தரத் தொழிலாளர்கள் சுமார் 2,600 பேர். இழப்பீடு கேட்டு அவர்கள் போராடியது செய்தியானது. அதே வாசலில் கேன்டீனிலும் லாரி ஏற்றுமதியிலும் துப்புரவிலும் நின்ற ஒப்பந்தக்காரர்கள் அந்த 2,600-இல் சேர்த்தி இல்லை. 2024-இல் ஃபோர்டு அதே ஆலைக்குத் திரும்ப விருப்பக் கடிதம் கொடுத்தது, ஆனால் ஏற்றுமதிக்கான உற்பத்திக்காக. நம் ஊரில் ஓடும் பழைய வண்டியின் விலை அதனால் ஏறிவிடாது.

அரசின் முடிவும் விலையை இறக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கான ஜி.எஸ்.டி. 28 சதவீதத்திலிருந்து 18 ஆனது. புதிதாக வாங்குவோருக்கு நல்லதுதான். முந்தைய மாதம் கடனில் வாங்கியவருக்கோ தவணை அப்படியே இருக்க, வண்டியின் மதிப்பு மட்டும் இறங்கியது. புது வண்டி விலை குறைந்தால் பழைய வண்டி விலையும் கூடவே குறையும்.

நம் ஆதங்கம் தாட்கோ மீதும் உண்டு. சிஎம்-அரைஸ் திட்டத்தில் 35 சதவீதம், அதிகபட்சம் மூன்றரை லட்சம் வரை மானியம் கிடைக்கிறது. வட்டியிலும் 6 சதவீதம் சலுகை. நல்ல திட்டம், மாணவர்கள் தங்கள் அண்ணன்மாருக்குச் சொல்லலாம். ஆனால் விண்ணப்பத்தோடு வைக்கும் விலைப்புள்ளியில் எந்த மாடல் இருக்கிறது, ஐந்து ஆண்டு கழித்து அது என்ன விலை போகும் என்று நேர்காணலில் கேட்டதாக ஒருவரும் நம்மிடம் சொன்னதில்லை. ஷோரூம்காரர் எதை விற்க நினைக்கிறாரோ அதுவே விலைப்புள்ளி ஆகிவிடுகிறது.

ஷோரூமுக்குப் போகும் முன் நம் ஊர் பட்டறைக்குப் போக வேண்டும். 'இந்த வண்டி நின்றுபோனால் இங்கேயே சரிசெய்வாயா, ஸ்பேர் நாளைக்கே வருமா?' என்று மெக்கானிக்கிடம் கேட்க வேண்டும். வாடகை வண்டிக்கு நம்பகம் என்பது அதுதான். நான்கு நாள் ஸ்பேருக்குக் காத்திருந்தால் நான்கு நாள் சவாரி போச்சு. தவணைத் தேதி காத்திருக்காது. ஸ்டாண்டில் எந்த மாடல் அதிகம் நிற்கிறதோ அதற்குத்தான் பழைய விலையும் நிற்கும். பார்வைக்கு அது சாதாரண வண்டியாகத்தான் இருக்கும், இருக்கட்டும்.

விற்கும்போது இன்னொரு பள்ளம் உண்டு. கடன் பாக்கியோடு 'தவணையை நீ கட்டிக்கொள்' என்று வாய்ப்பேச்சில் வண்டியைக் கைமாற்றிவிடுகிறார்கள். ஆர்.சி.யில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீடு பழைய உரிமையாளர் தலையில்தான் விழும். நவீன் குமார் எதிர் விஜய் குமார் வழக்கில் 2018-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லிவிட்டது. வங்கியின் தடையில்லாச் சான்றும் கடன் அடைந்ததற்கான படிவம் 35-ம், பெயர் மாற்றத்துக்கான படிவங்கள் 29, 30-ம் ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போன பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும்.

அந்தத் தம்பி அன்று விற்கவில்லை. அக்காவின் நகையை அடகு வைத்து அப்பாவைப் பார்த்தார். மீதி 24 தவணையையும் கட்டி முடித்து, ஆர்.சி.யில் வங்கியின் பெயரை நீக்கினார். அதன் பிறகு, அதே மாடல் வைத்திருக்கும் வெளியூர் டிரைவர் ஒருவர் தன் வண்டிக்கு ஸ்பேர் கழற்றிக்கொள்ள அதை வாங்கிப் போனார். அவர் ஸ்டிக்கரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.