பத்து நிமிஷமா, பதினேழு நிமிஷமா?

எழுதி வைத்த ஸ்வரங்கள் ஒன்றே. வாசிக்கும் வாத்தியங்களும் ஏறக்குறைய ஒன்றே. அப்படியிருக்க, ஒருவர் பத்து நிமிஷத்தில் முடிக்கும் பாகத்தை மற்றொருவர் பதினேழு நிமிஷம் நீட்டினால், இருவரில் யார் செய்தது சரி? இக்கேள்வி மேல்நாட்டுச் சங்கீத விமரிசகர்களை இரு கட்சியாகப் பிரித்து வைத்திருக்கிறது. ஒரு சமயம் நம்மையும் தலைகுனிய வைத்தது.

ருஷ்ய தேசத்துச் சைகோவ்ஸ்கி இயற்றிய ஆறாவது ஸிம்பொனியைப் பற்றியே சொல்லுகிறோம். 'பதெதீக்' என்பது அதன் பெயர். 1893-ம் வருஷம் அக்டோபர் 28-ந் தேதி பீட்டர்ஸ்பர்க் நகரில் அவரே வாத்திய கோஷ்டியை நடத்தி அதை அரங்கேற்றினார். ஒன்பதாம் நாள், நவம்பர் 6-ந் தேதி, காலமாகிவிட்டார். ஆகவே, அவர் தமக்குத் தாமே பாடிக்கொண்ட இரங்கற்பாவாகவே ரசிகர்கள் பலர் அதைக் கருதலாயினர்.

நாலு பாகமுள்ள ஸிம்பொனி வெற்றி முழக்கத்துடன் முடிவது அக்காலத்துப் பொது வழக்கம். சைகோவ்ஸ்கி அந்த முழக்கத்தை மூன்றாவது பாகத்திலேயே வைத்துவிட்டார். படை நடைபோல் அது ஆர்ப்பரித்து நின்றதும், எல்லாம் முடிந்ததென்று சபையோர் கைதட்டிவிடுவதுண்டு. அதன் பிறகுதான் நாலாவது பாகம் புலம்பலாகத் தொடங்குகிறது. அத்தொடக்கத்தில் ஓர் அதிசயம் உண்டு. முதல் பிடில்காரர்களும் இரண்டாம் பிடில்காரர்களும் மெட்டின் ஸ்வரங்களை ஒன்றுவிட்டு ஒன்றாகப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். தனியே கேட்டால் இருவரிடமும் மெட்டு இல்லை. சேர்ந்து ஒலித்தால்தான் மெட்டு! முடிவில், அடித்தளத் தந்தி வாத்தியங்களிலே இசை தேய்ந்து மறைந்துவிடுகிறது.

இதனை இசைத்தட்டில் பதிந்தோர் பலர். அவர்களில் இருவரை எடுத்துக்கொள்வோம். லெனின்கிராட் கோஷ்டியை ஐம்பது ஆண்டுகள் நடத்திய யெவ்கெனி மிராவின்ஸ்கி, 1960-ல் வியன்னா நகரில் பதிவு செய்தார். கடைசிப் பாகம் சுமார் பத்து நிமிஷம். நியூயார்க் கோஷ்டியைக் கொண்டு லெனார்ட் பெர்ன்ஸ்டைன் 1986-ல் பதிவு செய்தார். அதே பாகம் பதினேழு நிமிஷத்திற்கும் மேல்! அவரே 1964-ல் செய்த பதிவில் இவ்வளவு நீளம் இல்லை.

மிராவின்ஸ்கியின் கட்சியார் சொல்லுவது யாதெனில்: சைகோவ்ஸ்கி அந்தப் பாகத்தின் தலைப்பிலேயே நிமிஷத்திற்கு 54 அடி என்று காலப்பிரமாணம் குறித்திருக்கிறார், அதன்படி நடந்தால் பத்து நிமிஷத்திற்குமேல் ஆகாது. நடத்துகிறவர் அழுதுகொண்டே நடத்த வேண்டியதில்லை. அவர் அடக்கிக்கொண்டால்தான் கேட்பவர் கண் கலங்கும். எதிர்க்கட்சியாரோ, அது ராணுவ ஒழுங்கு, இரக்கமற்ற வேகம் என்பர். பெர்ன்ஸ்டைனிடத்திலும் இதே பிளவு. சங்கீதத்தை மறந்து தம் சோகத்தையே காட்டிக்கொள்கிறார், மெட்டு இழை இழையாய் அறுந்து போகிறது என்பார் சிலர். சாகிறவனுடைய மூச்சு அப்படித்தான் அறும் என்பார் வேறு சிலர்.

நாம் முதல் கட்சி. சில ஆண்டுகளுக்கு முன்பு, சங்கீதத்தில் ஆசையுள்ள நம் மாணவன் ஒருவனிடம், "பெர்ன்ஸ்டைன் செய்தது வெறும் மிகை" என்று அடித்துச் சொன்னோம். அவன் பணிவாக, "ஸார், தாங்கள் அதை முழுவதும் கேட்டிருக்கிறீர்களா?" என்று கேட்டான். கேட்டதில்லை! ஒரு விமரிசகரின் அபிப்பிராயத்தை இரவல் வாங்கி, நம் சரக்காக விற்றிருந்தோம். பிள்ளைகள் பிறர் விடையைப் பார்த்து எழுதினால் கோபிக்கிற நாம்!

அன்றிரவே இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டோம். மிராவின்ஸ்கியைக் கேட்டபோது மார்பு படபடத்தது. மற்றதில் முதல் ஐந்து நிமிஷம் பொறுமையிழந்தோம். ஆனால் கடைசிப் பகுதியில், சேகண்டி ஒரே முறை மெல்ல ஒலித்து, பின்னர் பித்தளைக் குழல்கள் தாழ்ந்த குரலில் தொடரும் இடம் வந்தது. நாற்காலியை விட்டு எழுந்திருக்க நம்மால் முடியவில்லை. இவ்விடத்தைப் பற்றி நாம் படித்த விமரிசனத்தில் ஒரு சொல்லும் இல்லை.

விமரிசகர்கள் ஒரே கேள்விக்கு இரு விடை கூறவில்லை என்பது அப்பொழுதுதான் விளங்கிற்று. ஒருவர், "எழுதியது என்ன?" என்று கேட்கிறார்; மற்றவர், "கேட்ட நெஞ்சுக்கு நேர்ந்தது என்ன?" என்று கேட்கிறார். இரண்டும் நியாயமான கேள்விகளே. ஆனால் இரண்டாவது கேள்விக்கு நமக்காகப் பிறர் விடை சொல்ல முடியாது.

இன்றைக்கும் நம் வாக்கு மிராவின்ஸ்கிக்கே. ஆயினும் அது இப்போது நம் சொந்த வாக்கு. அந்த மாணவன் பெர்ன்ஸ்டைன் பக்கம். நாம் அவனைத் திருத்த முயலவில்லை. நேயர்களும் முதலில் கேட்டுவிட்டுப் பின்னர் விமரிசனத்தைப் படிப்பார்களாக.