பொத்தான் முதுகில் இருந்த காலம்

பழைய பிரெஞ்சு வகுப்புப் படம் ஏதாவது கைக்குக் கிடைத்தால் என் கண் நேரே பொத்தான்களுக்குத்தான் போகும். பாரிசில் தையல் வேலை செய்கிறேன். பழம்பொருள் சந்தைகளில் இந்தப் படங்களைத் தேடி வாங்குவேன். மூன்று வரிசைப் பையன்கள், ஓரத்தில் வாத்தியார், பையன்கள் மேல் முழங்கால் வரை தொளதொளவென்று ஒரு மேலங்கி. முன்பக்கம் பொத்தான் தெரியவில்லை என்றால் அது முதுகில் இருக்கிறது. காலையில் அந்தப் பையனைத் திருப்பி நிறுத்தி அம்மாவோ அக்காவோ ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டிருப்பார்கள்.

இந்த உடை பள்ளிக்கூடத்துக்கென்று பிறந்ததில்லை. 19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் உழவர்களும் வண்டியோட்டிகளும் மற்றத் துணிகளுக்கு மேலே மாட்டிக்கொண்ட நீலச் சட்டைதான் இதற்கு மூலம். நகரத்தில் அதைப் பார்த்தாலே ஆள் தொழிலாளி என்று தெரிந்துவிடும். வசதியான வீட்டுப் பையன்களுக்கு நெப்போலியன் 1802இல் ஏற்படுத்திய லிசே என்ற உயர்நிலைப் பள்ளிகள் இருந்தன. அங்கே பட்டாளத்துச் சாயலில் சீருடை. கல்வி அமைச்சர் ஜூல் ஃபெரி கொண்டுவந்த சட்டங்களால் 1881இல் ஆரம்பப் பள்ளி இலவசமாயிற்று. அடுத்த ஆண்டே 6 முதல் 13 வயது வரை படிப்பு கட்டாயமாயிற்று. எல்லா வீட்டுப் பிள்ளைகளும் வகுப்புக்குள் வந்தபோது, உழைப்பவர்களின் உடையும் அவர்களோடு வந்தது.

நாடு முழுவதும் மேலங்கி போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொன்னதில்லை. சில பள்ளிகள் விதியாக வைத்தன. மற்ற இடங்களில் வழக்கமே விதியானது. அந்த வழக்கத்துக்குப் பின்னால் இருந்தது மை. ஒவ்வொரு மேசையிலும் ஒரு குழி, அதில் பீங்கான் மைக்கூடு, அதில் ஊதா மை. எஃகு முள்ளைத் தோய்த்துத் தோய்த்து எழுத வேண்டும். ஏழு வயதுக் கை அதைச் சிந்தாமல் எழுதுமா? உள்ளே போட்டிருப்பது கம்பளித் துணி. குளிர்காலத்தில் அதைத் துவைத்துக் காயவைப்பது பெரும்பாடு. ஊர்ப் பொதுத் துவைப்பிடத்தில் மண்டியிட்டு, சில்லென்ற தண்ணீரில் பெண்கள் துணி அடித்த காலம் அது. கறை படிந்தால் மேலங்கியோடு போகட்டும் என்று கணக்குப் போட்டது அந்தப் பெண்கள்தான். அதனால்தான் முதலில் வந்தது கறுப்பு.

வெட்டுவதற்கு இதைவிட எளிய உடை குறைவு. உடலின் வளைவைப் பின்பற்றத் தேவையில்லை. தோள்பட்டியிலிருந்து சுருக்கு வைத்து நேராக இறக்கிவிடலாம். ஓரத்தை ஆழமாக மடித்துத் தைத்தால், பையன் வளர வளரப் பிரித்து இறக்கலாம். அண்ணன் போட்டது தம்பிக்கு. அலேன் ஃபூர்னியே 1913இல் வெளியிட்ட ‘லெ கிராண் மோல்ன்’ நாவலின் நாயகன் வந்து நிற்பதே இடுப்பில் பெல்ட் கட்டிய கறுப்பு மேலங்கியில்தான். பெல்ட் கட்டியதும் அதே தொளதொள துணிக்கு ஒரு மிடுக்கு வந்துவிடுகிறது. பெரிய பையன்கள் அதை விரும்பியதில் எனக்கு ஆச்சரியமில்லை.

பிறகு பொத்தான் இடம் மாறியது. சிலவற்றில் தோளோரமாகச் சாய்ந்து இறங்கியது. பிறகு முன்பக்கம் நேராக வந்தது. பையன் தானே மாட்டிக்கொள்ளலாம், தானே கழற்றலாம். ஒரு குழந்தையின் காலைப் பொழுதையே மாற்றிய மாற்றம் இது. நிறம் மாறியதைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். கறுப்பின் இடத்தைச் சாம்பல் நிறம் மெல்லப் பிடித்தது. கழுத்திலும் பையிலும் சிவப்பு பைப்பிங் வைத்துத் தைத்தவை எனக்கு மிகவும் பிடித்தவை. மழலையர் பள்ளிக் குழந்தைகளுக்கு நீலமோ ரோஜா நிறமோ கட்டம் போட்ட துணி. பெண்கள் லிசேக்கள் சிலவற்றில் ஒரு வாரம் ஒரு நிறம், மறுவாரம் இன்னொன்று; நெஞ்சில் பெயரை நூலால் பின்னியிருக்க வேண்டும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் நைலான் வந்தது. சீக்கிரம் காய்ந்தது, இஸ்திரி கேட்கவில்லை. ஆனால் வியர்வையை உறிஞ்சாது.

1965இல் கல்வி அமைச்சகம் பந்துமுனைப் பேனாவை வகுப்பில் அனுமதித்தது. வீடுகளில் சலவை இயந்திரம் வந்துகொண்டிருந்தது. ஆயத்த ஆடை மலிந்தது. 1968 மே மாத மாணவர் எழுச்சிக்குப் பிறகு எல்லாரையும் ஒரே மாதிரி உடுத்தச் சொல்லும் தைரியம் பள்ளிகளுக்குக் குறைந்தது. 1970களில் மேலங்கி கிட்டத்தட்ட மறைந்தேவிட்டது.

இப்போது அதைப் பற்றிப் பேசுகிறவர்கள், ஏழை பணக்காரன் வித்தியாசத்தை அது மறைத்தது என்கிறார்கள். என்னால் அதை அப்படியே ஏற்க முடியவில்லை. படத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். ஒருவன் மேலங்கி மின்னுகிறது. பக்கத்தில் இருப்பவனுடையதில் முழங்கையில் ஒட்டுப் போட்டிருக்கிறது. ஒருவன் கழுத்தில் வெள்ளைக் காலர் தெரிகிறது, இன்னொருவனுக்கு ஒன்றுமில்லை. கீழே ஒருவனுக்குத் தோல் காலணி, இன்னொருவனுக்கு மரக்கட்டை அடி வைத்தது. வித்தியாசம் முழுவதும் அங்கேயே இருக்கிறது.

2024 பிப்ரவரியில் தென்பகுதி நகரமான பெசியேயின் சில பள்ளிகளில் அரசு சீருடையைச் சோதனை முறையில் தொடங்கியபோதும் பலர் பழைய மேலங்கியையே உதாரணம் காட்டினார்கள். ஆனால் பிள்ளைகள் கைக்கு வந்தது போலோ சட்டை, ஸ்வெட்டர், கால்சட்டை. ஒரு பிள்ளைக்குச் சுமார் 200 யூரோ. அரசும் நகராட்சியும் பாதிப் பாதி. பழையதை அம்மா வீட்டில் தைத்தார் அல்லது காசு கொடுத்து வாங்கினார். அதற்கு யாரும் பங்கு கொடுக்கவில்லை.