காப்புரிமையும் நீராவி இயந்திரமும்

ஒருவன் பல்லாண்டு உழைத்துக் கண்ட புதுமுறையை மற்றவன் ஒரே நாளில் பார்த்துச் செய்துவிடலாமெனில், உழைக்க எவன் முன்வருவான்? கண்டவனுக்குச் சில ஆண்டுகள் தனியுரிமை தரும் காப்புரிமைச் சட்டம் இக்கேள்விக்கு விடையாகத் தோன்றியதே. ஆனால் அவ்வுரிமை எத்தனை ஆண்டுகள், எவ்வளவு தூரம் செல்லலாம் என்பதில்தான் சிக்கல் இருக்கிறது. ஜேம்ஸ் வாட்டின் வரலாறு இதற்குத் தக்க சான்று.

நியூகோமன் 1712-இல் அமைத்த இயந்திரத்தில் உருளைக்குள்ளேயே நீராவியைக் குளிர்விப்பார்கள். உருளை ஓயாது சூடேறுவதும் குளிர்வதுமாக இருந்தமையால் நிலக்கரி வீணாயிற்று. நீராவியை வேறொரு கலத்தில் குளிர்விக்கும் வழியைக் கண்ட வாட் 1769-இல் காப்புரிமை பெற்றார். ஆயினும் முதலீடு செய்த ரோபக் நொடித்துப்போனார். வாட்டின் கையில் ஓர் உரிமைப் பத்திரம் இருந்ததேயன்றி விற்பதற்கு இயந்திரம் இல்லை. 1775-இல் பிரிட்டிஷ் பார்லிமெண்ட் தனிச்சட்டம் செய்து அவ்வுரிமையை 1800 வரை நீட்டியது. அதன்பின் பர்மிங்ஹாம் ஆலையதிபர் போல்ட்டன் துணிந்து முதல் போட்டார். காப்புரிமையின் நற்பயனை இங்கே மறுப்பதற்கில்லை.

மறுபக்கம் கார்ன்வாலில் தெரிந்தது. அங்கே செம்பும் ஈயமும் உண்டு. நிலக்கரி இல்லை, கடல்வழி வரவேண்டும். புதிய இயந்திரத்தால் மிச்சமாகும் நிலக்கரியின் விலையில் மூன்றிலொரு பங்கைச் சுரங்கத்தார் வாட் கூட்டுக்குச் செலுத்தினர். 1781-இல் இரட்டை உருளை இயந்திரம் கண்ட ஜோனதன் ஹார்ன்பிளோவர், 1792-இல் தம் உரிமைக்கும் நீட்டிப்புக் கேட்டார். வாட் தரப்பு எதிர்த்தது, முயற்சி தோற்றது. தமக்குக் கிடைத்த சலுகை பிறருக்கு ஆகாது போலும்!

வாட்டும் இத்தளைக்குத் தப்பவில்லை. மிதித்துச் சுழற்றும் சாணைக்கல்லில் எவரும் காணும் வளைதண்டை நீராவி இயந்திரத்தில் பூட்டும் முறைக்கு 1780-இல் பிக்கார்டு என்பவர் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆதலால் பற்சக்கரங்களைக் கொண்டு வாட் ஒரு சுற்றுவழி தேடவேண்டியதாயிற்று.

1800-இல் வாட்டின் உரிமை முடிந்தது. 1802-இல் டிரெவிதிக் உயரழுத்த நீராவி இயந்திரத்துக்குக் காப்புரிமை எடுத்தார். 1811 முதல் கார்ன்வால் சுரங்க இயந்திரங்களின் திறன் மாதந்தோறும் அச்சிட்டு வெளியிடப்பட்டது. எவருடைய அமைப்பு எவ்வளவு நீர் இறைத்தது என்பதை எல்லோரும் அறிந்து, மேலும் திருத்தினர். அங்குள்ள பொறியாளர் பலர் காப்புரிமையை நாடவேயில்லை. சில பத்தாண்டுகளில், அதே அளவு நிலக்கரியால் இறைத்த நீர் இருமடங்குக்கும் மேலாயிற்று.

இம்முன்னேற்றம் முழுவதும் உரிமை நீங்கியதன் பயன்தானா என்பதில் வரலாற்றாசிரியர் ஒருமித்த கருத்துடையரல்லர்; கொதிகலன் செய்யும் திறமையும் அக்காலத்தில் வளர்ந்திருந்தது. மேலும், கார்ன்வால் முதலாளிகள் பல சுரங்கங்களில் பங்கு வைத்திருந்தவர்கள்; ஒன்றில் கற்றது மற்றதிலும் இலாபம் தந்தது. போட்டியாளருக்கு நடுவே தனித்து நிற்கும் ஆலைக்காரனுக்கு அவ்வசதி கிடையாது.