அடைத்துப்போன புகைபோக்கி

நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றின் பழைய லயத்தில், தொங்கல் காம்பராவில் இருக்கும் அக்கா ஒருவருக்குக் காலையில் எழும்பும்போதே தலையிடி. மழைக்காலத்தில் வாந்தியும் வரும். இரண்டு பெனடோல் குளிசையைப் போட்டுக்கொண்டு கொழுந்தெடுக்கப் போய்விடுவார். சேமிப்புக் குழு விடயமாகப் போயிருந்த நான், அவரது அடுப்படியில் கொஞ்ச நேரம் இருந்தேன். எனக்கும் தலை இடித்தது. புகை மேலே போகாமல் வீட்டுக்குள்ளேயே திரும்பிக்கொண்டிருந்தது.

சகோதரிகளே, கண்ணை எரிக்கும் புகையை நாம் அறிவோம். அதனோடு வரும் காபனோரொட்சைட்டு வாயுவுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. குளிருக்குக் கதவைச் சாத்தி, தணலை வைத்துக்கொண்டு படுத்தால் உயிரையே எடுத்துவிடும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல் எல்லாம் அதன் எச்சரிக்கைகள். வெளியே போனதும் தலையிடி குறைகிறதென்றால் அடுப்பைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

“மழை விடட்டும், பார்ப்போம்” என்று வீட்டுக்காரர் இரண்டு வருடமாகச் சொல்லிவந்தாராம். அடுப்படியில் இருப்பது அவரல்லவே!

ஓய்வுபெற்ற மேசன் ஐயா ஒருவர் உதவிக்கு வந்தார். பக்கத்துக் காம்பராவுக்கும் அதே புகைபோக்கிதான். ஆகவே இரண்டு வீட்டிலும் முதல்நாளே அடுப்பை அணைத்தோம்; சாப்பாடு மூன்றாவது வீட்டிலிருந்து வந்தது. கீழே கண்ணாடி பிடித்துப் பார்த்தால் வானம் தெரிய வேண்டும். தெரியவில்லை. தரையில் ஈரச்சாக்கு விரித்து, மூக்கில் துணி கட்டி, மூங்கிலில் கம்பி பிரஷ்ஷைக் கட்டிக் குத்தினோம். கரித்தூள் கொட்டியது; அடைப்பு அசையவில்லை.

“நான் கூரையில ஏறுறேன் மிஸ்” என்றான் அக்காவின் பத்து வயது மகன். வேண்டவே வேண்டாம் என்றேன். இங்கிலாந்தில் சிறுவர்களைப் புகைபோக்கிக்குள் ஏற்றித் துப்புரவு செய்வித்த வழக்கம் 1875ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகுதான் ஒழிந்தது. அந்தக் கரியால் அவர்களுக்குப் பின்னாளில் புற்றுநோய் வருவதை, பெர்சிவல் பொட் என்ற வைத்தியர் 1775இலேயே எழுதியிருந்தார். இடையில் நூறு வருடங்கள்!

மழை விட்ட ஒரு பகலில், இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு மேசன் ஐயாவே ஏறினார். சாக்கில் சுற்றிய கல்லைக் கயிற்றில் கட்டி மெதுவாக இறக்கி ஏற்றினார். வெறுங்கல்லை விட்டால் பழைய செங்கல் பெயர்ந்துவிடுமாம். முதலில் ஒரு பறவைக்கூடு விழுந்தது, பிறகு அரைச் செங்கல். மிச்சமிருந்தது தார்போல் இறுகிய கரி. ஈர மிலாறு எரித்து எரித்துப் படிந்தது. அது பிரஷ்ஷுக்கு மசியாது; வளைந்த இரும்பால் சுரண்டித்தான் எடுத்தோம். சிலர் மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்திவிடுவார்கள். அந்தக் கரியே தீப்பற்றி, புகைபோக்கி வெடித்து, கூரையும் போய்விடும். கவ்வாத்து மிலாறை மழை படாமல் சில மாதம் காயவைத்து எரித்தால் இவ்வளவு கரி படியாது. வருடத்துக்கொரு தடவையாவது துப்புரவு செய்யவும் வேண்டும்.

மாலையில் ஒரு கடதாசியைக் கொளுத்திப் பிடித்தோம். புகை நேரே மேலே ஏறியது. பக்கத்துக் காம்பராப் பாட்டி வந்து பார்த்தார். “இருமல் வயசால வந்ததுன்னுல்ல நெனச்சேன்” என்றார். அடுத்த லயத்திலிருந்து இரண்டு பேர் மேசன் ஐயாவின் வீட்டை விசாரித்துக்கொண்டு போனார்கள்.